மலை இறங்கிய மைலேஜ்

இனி உயிரே போனாலும் காரை மேட்டில் ஏற்றுவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் போட்டது, மச்சினிக்கு இரட்டைக் குழந்தை பிறந்த செய்தி வந்த அன்றுதான். மச்சினி வீடு மலை உச்சியில். அவர் வீடு அடிவாரத்தில். நடுவில் இருந்ததெல்லாம் ஏற்றம்.

"ஏத்தத்துல பெட்ரோல் தண்ணியா ஓடும். முடியாது" என்றார்.

"தங்கச்சி தனியா ரெண்டு குழந்தைய வச்சுக்கிட்டுத் தவிக்கிறா. அவ வீட்டுக்காரர் வேலைக்குன்னு எங்கேயோ கெடக்கார். ஒரு மாசம் கூட இருந்துட்டு வரேனே" என்றாள் மனைவி.

"ஒரு மாசமா? எனக்குச் சோறு?"

"அப்ப பெட்ரோல் இல்ல, சோறுதான் பிரச்சினை."

"ரெண்டும் எரிபொருள்தானே!"

"சரி, நான் பஸ்ல போறேன்."

"பஸ்ல போனா நீயா எப்ப வருவேன்னு யாருக்குத் தெரியும்? கார்ல போனா நான் கூட்டிட்டு வந்துடுவேன். கார் ஏறாது. அதனால நீயும் ஏறல."

இப்படி ஒரு வாதத்தைக் கேட்டபின் எந்த மனைவியும் பாத்திரத்தை உருட்டுவாள். இவள் உருட்டவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

தெருவில் அவருக்கு 'மைலேஜ்' என்றே பெயர். காலையில் வண்டி சூடேறும் முன்பே டயரில் காற்று பார்த்துவிடுவார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவார். டிக்கியில் கிடந்த குடையைக்கூட எடை என்று வீட்டுக்குள் வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடி கடையைத் திறந்தவர். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி மெல்ல உருண்டு போகும். பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும். அவர் கண் மட்டும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் இருக்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அது காட்டும். ஒருநாள் அது இருபத்துநாலைத் தொட்டபோது வண்டியை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சபதம் போட்ட மறுவாரம், சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஏங்க, அந்த நம்பரு மலையில இருந்து இறங்கறப்ப எவ்வளவு காட்டும்?"

வாயருகே போன கை நின்றது.

"ஏறினதையும் சேத்துத்தானே கணக்கு..."

"உச்சியில நின்னு ஜீரோ பண்ணிட்டு இறங்கினா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், இப்படியொரு மூளை தன் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தது தெரியாமல் போய்விட்டதே என்று மலைத்துப் போனார். தட்டில் பாதி சோறு அப்படியே இருந்தது.

"நாளைக்கே போறோம்!" என்றார்.

காலையில் அவள் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள்.

"இதென்ன எடை?"

"துணி. குழந்தைங்க வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாங்க?"

ஏற்றத்தில் நம்பர் சரிந்தது. இருபது, பதினாலு, ஒன்பது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவளே துண்டை எடுத்துத் திரையை மூடினாள். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் புலம்பியதும் அவள் தேற்றியதுமாக ஒருவழியாக வண்டி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

குழந்தைகளைப் பார்த்தார். "ரெண்டும் நல்ல எடை" என்றார். அவ்வளவுதான், வாசலுக்கு வந்துவிட்டார்.

"வா, கிளம்பலாம்."

"நானும் ஏறணுமா?" என்றாள் அவள், வருத்தமாக. "எடை ஏறினா மைலேஜ் எறங்கும்னு நீங்கதானே சொல்வீங்க? ரெக்கார்டு நம்பரு பாருங்க. உங்க இஷ்டம்."

அவருக்குப் புல்லரித்தது. இறக்கத்தில் எடையால் பெரிய நஷ்டமில்லை என்பது அந்த நேரத்தில் அந்த மேதைக்குத் தோன்றவேயில்லை. "எனக்கு இது தோணலையே!" என்று மெய்மறந்து சொல்லிவிட்டு, தனியாக வண்டியில் ஏறினார்.

நம்பரை ஜீரோவாக்கினார். நியூட்ரலில் விடுகிற மடத்தனமெல்லாம் அவரிடம் கிடையாது. கியரிலேயே விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இன்ஜினே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கியது, ஒரு சொட்டுப் பெட்ரோல் கேட்காமல். நாற்பது. அறுபது. எண்பது! ஒரு பக்கம் அருவி கொட்டியது, மறுபக்கம் மேகம் காலுக்குக் கீழே போனது. அவர் எதையும் பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பதில் திரை நின்றது. அதற்கு மேல் காட்ட அதற்கு இடமில்லை. வாழ்க்கையில் இப்படியும் ஒன்றைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசி வளைவு தாண்டி வீட்டு வாசல்வரை அந்த நம்பரைச் சிந்தாமல் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏம்மா, ஓடி வா! வந்து பாரு!"

கதவில் பூட்டு தொங்கியது. அவர் பூட்டிய பூட்டுதான். வயிறு அப்போதுதான் கூப்பிட்டது. போனை எடுத்தார்.

"தொண்ணூத்தொம்பது!" என்றார்.

"அடேங்கப்பா! பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?"

"எல்லாம் உன் மூளை. ஆமா, நீ எப்ப வர்ற?"

"நீங்க வந்து கூட்டிட்டுப் போனா இப்பவே வரேன்."

"இதோ, திருப்பிட்டேன் வண்டிய."

"வாங்க வாங்க. அந்த நம்பரு என்னாகும்?"

சாவியில் இருந்த கை அப்படியே நின்றது. திரையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

"பாவம், ஒரு மாசம் அப்படியே நிக்கட்டுங்க" என்றாள் அவள். "நான் பெட்டியப் பிரிச்சு அடுக்கிட்டேன்."

"எனக்குச் சோறு?"

"பஸ்ல வாங்க. நம்பருக்கு ஒண்ணும் ஆகாது. இங்க சோறு நெறைய இருக்கு. துணி அலசத்தான் ஆளில்ல."

மாலைக்குள் அவர் மலை உச்சியில், மலைபோல் குவிந்த குழந்தைத் துணிகளுக்கு முன்னால் வாளியோடு உட்கார்ந்திருந்தார். கோபம் வரவில்லை. பிரமிப்புதான் வந்தது. ஒரே ஏற்றத்தில் அவளும் பெட்டியும் மேலே, கார் கீழே, இப்போது புருஷனும் மேலே. எங்கேயும் ஒரு சொட்டு வீணில்லை. இவளல்லவா வண்டி ஓட்டுகிறவள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த துணியை எடுத்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏங்க, சோப்பைப் பாத்துப் போடுங்க!"