கச்சான் காலத்துக் கம்பளித் தொப்பி

இந்த வீட்டில் ஒரே ஒரு விசயத்திலாவது என் சொல் நடக்க வேண்டும் என்று நான் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது என்பது கல்யாணம் முடித்த முதல் கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீடு என்றேனே, அது என் வீடு இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நற்பிட்டிமுனையில் இருக்கும் இந்த வீடு என் மனைவி ஹுஸ்னியாவுக்கு அவளுடைய உம்மா எழுதிக் கொடுத்த சீதன வீடு. அந்த உம்மா, அதாவது என் மாமி சுபைறா, பின்னறையில் இருக்கிறார். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் நான் மாமியிடம் கேட்க வேண்டும். மாமி மகளிடம் கேட்பார். மகள் யோசிப்பாள். அதற்குள் ஆணி துருப்பிடித்துவிடும்.

வெளியே நான் சும்மா ஆள் இல்லை. கல்முனையில் ‘றிஸ்மி கூலிங்’ என்றொரு கடை இருக்கிறது. றிஸ்மி நான்தான். ஏசி, ஃபிரிட்ஜ், ஐஸ் பெட்டி, எது மூச்சை நிறுத்தினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒலுவில் துறைமுகத்தில் சூரை மீன் விறைத்துக் கிடக்கிறதென்றால் அதற்குப் பின்னால் என் கை இருக்கிறது. ஆனால் செத்த மீனுக்கு நான் கொடுக்கும் சுகத்தை உயிரோடு இருக்கும் என் மகளுக்குக் கொடுக்க முடியவில்லை. அதுதான் பிரச்சினை.

மகள் பெயர் அப்னா. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏழாம் நாள் முடி இறக்கினோம். அந்தக் குட்டி மொட்டையைக் கண்டதும் என்னைப் பெற்ற உம்மா மைமூனாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. மொட்டைத் தலையில் காற்றுப் பட்டால் சளி பிடிக்குமாம். எப்போதோ நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது வாங்கிய கம்பளி நூலைத் தேடி எடுத்துப் பின்னத் தொடங்கினார். முதலில் ஒரு தொப்பி. பிறகு மேல்சட்டை. பிறகு காலுறை, கையுறை. மிஞ்சிய நூலில் எனக்கும் ஒரு கழுத்துத் துண்டு. உம்மாவின் ஊர் மருதமுனை. ஊர் முழுக்கப் பருத்தித் தறிச் சத்தம் கேட்கும். அங்கே இருந்துகொண்டு கம்பளி பின்னிய ஒரே பெண் என் உம்மாவாகத்தான் இருக்கும்.

அதுவோ கச்சான் காற்று வீசும் கோடைக் காலம். வெட்டிய வயல்களுக்கு மேலால் வருகிற அந்தக் காற்று அடுப்பு வாய் போல முகத்தில் அடிக்கும். காகம்கூட வாயைப் பிளந்துகொண்டு நிழலில் இருக்கும். ஊரே வெந்துகொண்டிருக்க, என் மகள் மட்டும் நுவரெலியாவில் இருந்தாள்.

நான் கடையிலிருந்து வரும் நேரமெல்லாம் இதே காட்சி. தொப்பி, சட்டை, உறைகள், நடுவில் தக்காளி நிறத்தில் ஒரு முகம். வந்ததும் என் முதல் வேலை உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துப் பேத்தியைக் காட்டுவது. “தொப்பி போட்டிரிக்கா? மாஷா அல்லாஹ்!” என்று உம்மா பூரித்துப் போவார். உம்மா பூரித்தால் நானும் பூரிப்பேன். அந்தத் திங்கட்கிழமை அப்படிப் பூரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மகளின் கழுத்து மடிப்பில் நாலைந்து சிவப்புப் புள்ளிகளைக் கண்டேன். வேர்க்குரு! போனை வைத்தேன். சபதத்தை எடுத்தேன்.

“ஹுஸ்னியா, இந்தத் தொப்பியக் கழட்டு.”

“ஏலா.”

“ஏன் ஏலா?”

“ஒங்கட உம்மா பின்னின.”

“புள்ளைக்கு வெக்கையா இரிக்கி.”

“புள்ள சொன்னிச்சா?”

“புள்ள எப்பிடிச் சொல்லும்?”

“மறுகா ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் ஏசிக்காரன், புள்ள! குளிரும் வெக்கையும்தான் என்ட தொழில்.”

“ஏசி மெசின். இது மனிசப் புள்ள. கடையில ஒரு துவக்கு வெச்சிரிக்கீங்களே, சூடு பாக்கிற துவக்கு, அத மட்டும் இஞ்ச தூக்கிக்கொண்டு வந்திராதீங்க. எனக்குப் பிடிக்கா.”

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஹுஸ்னியா ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் அதைச் செய்யாமல் எனக்குச் சோறு இறங்காது. அது பிறவிக் குணம். இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருக்கும் சுதந்திரமும் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை துவக்கோடு வந்தேன். துப்பாக்கி வடிவத்தில் இருக்கும் வெப்பமானி அது. விசையை அழுத்தினால் எதிரே உள்ள பொருளின் சூட்டைப் பாகைக் கணக்கில் காட்டும். எடுத்த எடுப்பில் புள்ளையைச் சுடுவது சரியில்லை என்று வீட்டைச் சுற்றி ஒரு பரீட்சை வைத்தேன். அளக்க அளக்க எனக்கு ஆசை கூடியது. முற்றத்து மணலில் நெருப்பு. கூரைத் தகட்டில் அதைவிட நெருப்பு. பூனையின் வயிறு என்னைவிடச் சூடு. இது எனக்கு இத்தனை நாளும் தெரியாது. மாமியின் நெற்றி முப்பத்தாறு. நான் அளக்கிறேன் என்று மாமி கண்டுகொண்டதும் முப்பத்தேழு.

பிறகு மகளிடம் வந்தேன். கண்ணில் படாமல் பக்கவாட்டில் பிடித்து அழுத்தினேன். துவக்கு முப்பத்திரண்டு என்றது. அது தொப்பியின் சூடு. கம்பளியை அளந்து என்ன பிரயோசனம்? கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

“பாத்தீங்களா மருமகன்? கை குளிர்ந்து போய்க் கிடக்கு. இன்னொரு போர்வ போடட்டா?” என்றார் மாமி.

எனக்குக் குழப்பம். முகம் தக்காளி, கை ஐஸ். இரண்டில் எது உண்மை? ஏசிக்கென்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். புள்ளைக்கு எங்கே பார்ப்பது? என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. மகள் கிடந்த ஏணைத் தொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

“கை காலத் தொட்டுப் பாருங்க, எவ்வளவு வேணுமெண்டாலும்” என்றாள் ஹுஸ்னியா. “பின்கழுத்தையும் நெஞ்சையும் மட்டும் தொடாதீங்க. தூங்கிற புள்ள எழும்பிரும்.”

அவள் அடுப்படிக்குத் திரும்பிய அடுத்த நொடி நான் பின்கழுத்தைத் தொட்டேன். ஈரம். கொதிக்கிற ஈரம். விளங்கிவிட்டது! ஃபிரிட்ஜின் கதவைத் தொட்டுவிட்டு உள்ளே குளிர் வருகுதில்லை என்று சண்டை பிடிக்கும் வாடிக்கையாளர்களை எனக்குத் தெரியும். கை என்பது கதவு. கழுத்துத்தான் உள்வீடு. பச்சைப் புள்ளையின் கை எப்போதும் கொஞ்சம் குளிராகத்தான் இருக்கும். அதை நம்பிப் போர்த்துக்கொண்டே போனால் உள்ளே புள்ள வெந்துவிடும்.

“ஹுஸ்னியா! கழுத்து நனைஞ்சிரிக்கி! நான் கண்டுபிடிச்சிட்டன்!”

“எல்லாப் புள்ளையும் வேர்க்கும். கம்பளிக்குள்ள எப்பிடி இரிக்கும் எண்டு ஒங்களுக்கு என்ன தெரியும்? போட்டுப் பாத்த ஆளா நீங்க?”

“போட்டுப் பாத்தா என்ன?”

“அல்லாஹ்வே, அந்தக் கூத்து மட்டும் ஆடிராதீங்க! அதுவும் நாளைக்கு ஆடவே கூடா. நாளைக்குப் பகல் ஒங்கட உம்மா வாறா.”

புதன்கிழமை பகல் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். உம்மா பின்னிய துண்டைக் கழுத்தில் சுற்றினேன். தலையில் தடித்த குளியல் துவாய். கையிலும் காலிலும் காலுறை. மேலே மாமியின் போர்வை. ஏணைக்குப் பக்கத்தில் பாய் போட்டு மகளைப் போலவே மல்லாந்து கிடந்தேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு காதுக்குப் பின்னால் ஓர் அரிப்பு. சொறிவதற்குக் கையைத் தூக்கினால் கை காலுறைக்குள் இருக்கிறது. பிறகு முதுகில் ஒரு வாய்க்கால் ஓடியது. பிறகு கழுத்தில் இரண்டு. ‘எனக்கு வேர்க்கிறது’ என்று சொல்ல என்னிடம் வாய் இருக்கிறது. பக்கத்தில் கிடப்பவளிடம் அழுகை மட்டும்தான் இருக்கிறது. அழுதால் நாங்கள் பால் கொடுப்போம். அல்லது இன்னும் போர்த்துவோம். அதை நினைத்ததும் எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. வியர்வையோடு சேர்ந்து அதுவும் ஓடியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓட்டோ வந்து நின்றது. உம்மா உள்ளே வந்தார்.

“என்ட றப்பே! மனே! காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்ல உம்மா. ஆராய்ச்சி.”

உம்மாவின் கண் என் கழுத்துக்குப் போனது. “நான் பின்னின துண்டு! எவ்வளவு வடிவா இரிக்கிடா ஒனக்கு!”

“உம்மா, வடிவுதான். ஆனா இதுக்குள்ள மனிசன் இரிக்க ஏலா. நான் செத்துப் போவன் போல கிடக்கு. ஒங்கட பேத்தியும் இதுக்குள்ளதான் கிடக்கிறா.”

உம்மாவின் முகம் மாறியது. நான் அடுத்த வார்த்தை பேசுமுன் ஹுஸ்னியா பாய்ந்து வந்து ஏணைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“மாமி, நீங்க இவர்ர கதையக் கேளாதீங்க! மூணு நாளா இதே பாட்டுத்தான். மாமி ஆசையாப் பின்னினத கழட்ட விடமாட்டன் எண்டு நானும் சொல்லிப் பாத்திட்டன். கேக்கிறாரில்ல!” பிறகு என் பக்கம் திரும்பினாள். “தொப்பியில கை வெச்சீங்களோ, நடக்கிறது வேற!”

வேறு எதற்காகக் காத்திருக்க வேண்டும்? நான் கை வைத்தேன். தொப்பியைக் கழற்றினேன். மேல்சட்டையைக் கழற்றினேன். உறைகளையும் உருவினேன். என் மாமி பின்னறை வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்தார். சம்பந்தி பின்னிய தொப்பியைப் பற்றி வாய் திறக்க அவருக்கு என்ன பைத்தியமா?

“இஞ்ச தொட்டுப் பாருங்க உம்மா” என்று உம்மாவின் கையைப் பிடித்து மகளின் பின்கழுத்தில் வைத்தேன்.

உம்மா தொட்டார். கையை எடுக்கவில்லை. அப்னா ஒரு பெருமூச்சு விட்டாள். இறுக்கி வைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். காலை இரண்டு தரம் உதைத்தாள். அப்படி அவள் உதைத்து நான் பார்த்ததே இல்லை.

“என்ட கிளிக்கு வேர்க்குரு போட்டிரிக்கே” என்று சொல்லும்போது உம்மாவின் குரல் உடைந்தது. “நான் குளிரும் எண்டுதானே பின்னின...”

எனக்கு உம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இனி உம்மா என்னைப் பாராட்டுவார், நான் ‘அதெல்லாம் ஒண்டுமில்ல’ என்று சொல்ல வேண்டும் என்று வாயைத் தயார் செய்துகொண்டு நின்றேன். உம்மா திரும்பினார்.

“நீயெல்லாம் ஒரு ஏசிக்காரனாடா? ஊருக்கெல்லாம் குளிர் போடுறாய். பெத்த புள்ள வேகிறது ஒனக்கு இப்பதான் தெரிஞ்சிச்சா? நாள் தவறாம போன்ல காட்டினியே, ஒரு சொல்லு சொன்னியா?”

“உம்மா, நான்தானே இப்ப...”

“வாய மூடு!” உம்மா ஹுஸ்னியாவை இழுத்து அணைத்துக்கொண்டார். “என்ட மனசு நோகப்படா எண்டு ஒன்னோட சண்டை பிடிச்சிரிக்கே இந்தப் புள்ள! இப்பிடி ஒரு மருமகள் ஆருக்குக் கிடைக்கும்?”

ஹுஸ்னியா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய கண்ணிலும் நீர். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உம்மா எனக்கென்று கொண்டுவந்த வட்டிலப்பத்தை எடுத்து அவளுக்கு ஊட்டிவிட்டார். நான் காலுறை போட்ட கையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

உம்மா போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திட்டு வாங்கினால் என்ன? மகள் ஒற்றைத் துணியில் சுகமாகத் தூங்குகிறாள். வென்றது யார்?

“பாத்தியா? என்ட சொல் நடந்திச்சு.”

“ஓம். நடந்திச்சு” என்று சொல்லிக்கொண்டே ஹுஸ்னியா அலுமாரியைத் திறந்தாள். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டைகள் ஓர் அடுக்கு.

“இதெல்லாம் எப்ப தைச்ச?”

“புள்ள பொறக்க முந்தி.”

ஒன்றைக் கையில் எடுத்தேன். புதுச் சட்டை இல்லை. பூப் பூவாகப் போட்டிருந்த நிறம் மங்கியிருந்தது. “கழுவின மாதிரி இரிக்கி?”

“போட்டாக் கழுவத்தானே வேணும்.”

“எப்ப போட்ட?”

“ஒவ்வொரு நாளும். நீங்க கடைக்குப் போனா பருத்தி. ஒங்கட மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள்ள வாற சத்தம் கேட்டா கம்பளி.”

“என்னத்துக்கு?”

“வந்த கையோட வீடியோ கோல் எடுப்பீங்களே. மொட்டைத் தலையோட புள்ளைய ஒங்கட உம்மா கண்டா என்ன நடக்கும்?”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என் மகளைச் சுட்டிருக்கிறது. இந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே வெக்கை நான்தான்.

“என்னட்ட நேராச் சொல்லியிருக்கலாமே, புள்ள?”

“சொன்னா? ‘என்ட உம்மா பின்னினத கழட்டச் சொல்றாயா’ எண்டு நீங்களே சண்டைக்கு வந்திருப்பீங்க.”

வந்திருப்பேன். அதை மறுக்க முடியாது.

“நான் கழட்டினா அது குடும்பச் சண்டை” என்றாள் சட்டைகளை மடித்துக்கொண்டே. “நீங்க கழட்டினா விஞ்ஞானம்.”

“அந்தப் பின்கழுத்து?”

“புள்ளையப் பாக்க வந்த மிட்வைப் மிஸ் முதல் நாளே சொல்லிட்டுப் போன.”

உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசித்துப் பார்த்தேன். துவக்கை அவள்தான் வேண்டாம் என்றாள். கழுத்தை அவள்தான் தொட வேண்டாம் என்றாள். போர்வைக்குள் போக வேண்டாம் என்றதும் அவள்தான். நாள் குறித்துக் கொடுத்ததும் அவள்தான். நான் எங்கே கண்டுபிடித்தேன்? அவள் விரலை நீட்டினாள், நான் ஓடினேன். அவமானமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இனிமேல் இவள் வேண்டாம் என்று சொல்லும் எதையும் செய்யப் போவதில்லை என்று அந்தக் கட்டிலிலேயே இரண்டாவது சபதத்தை எடுத்தேன். இதுவும் மனசுக்குள்தான்.

ஹுஸ்னியா அலுமாரியைச் சாத்தினாள். பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்குக் காலையில எங்கட உம்மா புள்ளையக் குளிப்பாட்டப் போறா. வேப்பில போட்டுத் தண்ணி சுட வெப்பா. எனக்கென்னமோ சூடு கொஞ்சம் கூடுற மாதிரித்தான் கிடக்கு. ஆனா பெத்த உம்மாவோட நான் கதைக்க ஏலாதே. இஞ்ச பாருங்க, அந்த நேரம் நீங்க கிணத்தடிப் பக்கம் வரவே கூடா, சரியா?”

“ஆர் எனக்குக் கூடா எண்டு சொல்ற? கட்டாயம் வருவன்!” என்றேன் நான்.