ஐந்தாம் அம்சம்: மஹாத் வீட்டு மதியச் சாப்பாடு

மனித நாகரிகத்தை நெருப்புக்கு முன், நெருப்புக்குப் பின் என்று பிரிப்பவர்கள் ஹஸ்மூன் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால், 'ஹஸ்மூன் பயணியர் மகிழ்விப்புக் குழு'வுக்கு முன், குழுவுக்குப் பின் என்றுதான் பிரித்திருப்பார்கள். அக்குழுவின் செயலாளர் நான் என்பதால் இதைச் சொல்லவில்லை. செயலாளராக இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் இவ்வளவு நன்றாகச் சொல்ல வந்திருக்காது.

ஸலாலா நகரத்திலிருந்து வரும் சாலை எங்கள் ஊரில் முடிகிறது. மரியாதையாகக்கூட முடிவதில்லை, ஒரு வளைவு திரும்பியதும் தார் தீர்ந்துபோகிறது. சாலை எங்கே போகிறது என்று பார்க்க வருகிறவர்கள், அது எங்கேயும் போகவில்லை என்று தெரிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களை நிறுத்தி, கையோடு மகிழ்வித்து அனுப்புவதே குழுவின் 'தொலைநோக்கு'.

மாகாணச் சுற்றுலா அலுவலகம் தொலைபேசியில் ஆணையிட்டது. ஊரில் பார்க்கவும் செய்யவும் ஐந்து அம்சங்களாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலைப் பலகையில் ஊர்ப்பெயர் கிடையாது. குழுத் தலைவர் முசல்லம் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். ஊரின் ஒரே பெட்ரோல் பங்க் அவருடையது, ஆகவே ஊரின் மீது பற்றும் அவருக்கு அதிகம்.

"கடல் இருக்கு," என்றேன்.

"எழுது."

"சாரல் காலத்துல இறங்குனா கடல் ஆளைத் திருப்பித் தராதே."

"இறங்கச் சொல்லி யாரு சொன்னா? பாக்கச் சொல்லு. அடுத்தது?"

"கரையில மத்தி மீன் காயுது. ஆனா நாத்தம்..."

"கடல் மணம்னு எழுது. அடுத்தது?"

"ரோட்டு நடுவுல ஒட்டகம் படுத்துக்குது. ஹாரன் அடிச்சா திரும்பிக்கூடப் பாக்காது."

"பொறுமைப் பயிற்சி. அடுத்தது?"

"அலைத்தண்ணியை ஓட்டை வழியா மேல ஊதுற பாறை. அதுவும் உங்க அப்பா காலத்துல ஊதுனதுதான். இப்ப அலை வந்தா பெருமூச்சு மட்டும் விடுது."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெருமூச்சு விடும் பாறைன்னு எழுது. ஊதுற பாறை நாலு ஊர்ல இருக்கு. பெருமூச்சு விடுறது நம்மகிட்ட மட்டுந்தான்."

நான்கு ஆயிற்று. ஐந்தாவதுக்கு இருவரும் கூரையைப் பார்த்தோம். கூரையில் பார்க்கும்படி ஒன்றும் இல்லை. ஜன்னலைப் பார்த்தோம், அங்கே மஹாத் இருந்தான்.

மஹாத் என் பெரியப்பா மகன். தார் தீரும் இடத்தில், குழு அலுவலகத்துக்கு நேரெதிரே அவன் வீடு. ஒரு ஆட்டு மந்தை, ஒரு ஒட்டகம், ஒரு மனைவி, அடக்க முடியாத ஒரு நாக்கு. வாசலைக் கடந்து போகிறவர் யாராக இருந்தாலும் அந்த நாக்கு, "வாங்க, உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிடும். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கேட்டவர் நெஞ்சில் கைவைத்து, "அல்லாஹ் பரக்கத் தரட்டும், இன்னொரு நாள்" என்று நடையைக் கட்டுவார். அந்த 'இன்னொரு நாள்' எந்த நாட்காட்டியிலும் அச்சானதில்லை. சொன்னவருக்கும் நிறைவு, கேட்டவருக்கும் நிறைவு, ஆட்டுக்கும் நிறைவு.

அன்று அந்த வழியே ஊவே என்ற ஜெர்மன்காரர் தம் மனைவியோடு வந்தார். மஹாத்தின் நாக்கு தன் கடமையைச் செய்தது. கைப்பேசியைப் பார்த்து அரபி கற்றிருந்த ஊவே, அதில் இல்லாத மறுமொழியை எப்படிச் சொல்வார்? "சரி" என்று செருப்பைக் கழற்றினார்.

மஹாத் ஒரு கணம் விழித்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக இருவரையும் உள்ளே அழைத்துப் போனான். சற்று நேரத்தில் கொல்லையில் ஓர் ஆடு கத்தியது, அப்புறம் கத்தவில்லை. சூடான கல்லில் கறி வாட்டும் வாசம் சாலையைக் கடந்து குழு அலுவலகத்துக்குள் வந்தது.

"எழுது," என்றார் தலைவர், வாயில் ஊறியதை விழுங்கிவிட்டு. "அம்சம் அஞ்சு."

பட்டியல் இணையத்தில் ஏறியது. ஊவே அதற்குக் கீழே அரைப்பக்கம் புகழ்ந்து, கிடைத்த நட்சத்திரங்களை எல்லாம் போட்டார். சாரல் தொடங்கியதும் வண்டிகள் வந்தன. மலைமேல் மூடுபனி, கீழே தூறல். கடலை வண்டிக்குள்ளிருந்தே பார்த்தார்கள். மத்தியை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். பாறை பெருமூச்சு விட்டதும் தாங்களும் ஒன்று விட்டுவிட்டு, "மஹாத் வீடு எது?" என்று கேட்டார்கள்.

தரம் குறையக் கூடாதல்லவா? நானும் தலைவரும் தினமும் அங்கே போய்ச் சாப்பிட்டு, குழுவின் சார்பில் தரப் பரிசோதனை செய்தோம். தொடையில் ஒரு குறையும் இல்லை. நெஞ்சுக்கறியை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு தடவை சோதிக்க வேண்டியிருந்தது. பொது வாழ்க்கை என்று வந்துவிட்டால் வயிற்றைப் பார்க்க முடியாது.

ஒருநாள் மஹாத் அலுவலகத்துக்கு வந்தான். இளைத்திருந்தான்.

"தம்பி, என் பேரை எடுத்துடு. ஆடு பாதி போயிடுச்சு."

"எப்படி அண்ணே எடுக்கறது? நீ நம்ம பண்பாடு."

தலைவர் கைப்பேசியை நீட்டினார். "நாங்களே உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தோம். புகார் வந்திருக்கு. 'சோறு நன்று. ஆயினும் மூன்றாம் முறை பரிமாறுகையில் வீட்டுக்காரர் முகத்தில் மலர்ச்சி குறைவு.' என்ன இது மஹாத்?"

"மூணாந்தரம் சட்டியில ஒண்ணுமில்ல. மலர்ச்சி எங்கேருந்து வரும்?"

"சட்டி வேற, முகம் வேற," என்றார் தலைவர். "அதைக் கலக்காதே. சரி, அவ்வளவு கஷ்டமா இருந்தா நீ கூப்பிடாம இருந்துக்கயேன்."

மஹாத் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வாசல்ல ஒரு மனுசன் போறான். பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

இருந்தும் முயன்றான். தலைத்துணியை அவிழ்த்து வாயைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். பயணிகள் வந்ததும் வாய் அடங்கிக் கிடக்க, கை தானாகவே எழுந்து வாசலைக் காட்டியது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டினான். தலை ஆடியது. குழு இதைக் கூர்ந்து கவனித்து, 'பாரம்பரிய வரவேற்பு நடனம்' என்று துணை அம்சமாகச் சேர்த்தது. நடனம் பார்க்கத் தனியாக ஒரு கூட்டம் வர ஆரம்பித்தது. பார்த்துவிட்டுப் பசியோடு யாராவது போவார்களா?

சாரல் முடிவதற்குள் ஆடுகள் முடிந்தன. மலை பச்சைப்பசேல் என்று நின்றது. மேய்ச்சலுக்கு ஏற்றிவிட மஹாத்திடம் மிஞ்சியது ஒரே ஒட்டகம், பெயர் ஸம்ஹா. தாய் செத்துப்போன குட்டியாக இருந்த அதை மஹாத்தின் மனைவி துஃபூல் மடியில் போட்டுப் பாலூட்டி வளர்த்திருந்தாள். அவள் குரல் கேட்டால்தான் அது பால் சுரக்கும்.

இந்த நல்ல நேரத்தில்தான் மாகாண அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. 'விருந்தோம்பலில் தலைசிறந்த ஊர்' விருதுக்கு ஹஸ்மூன் பரிசீலனையில் இருக்கிறது, இயக்குநர் தம் பரிவாரத்தோடு வியாழக்கிழமை பேருந்தில் வருகிறார். ஒரு பேருந்து வயிறு என்பது சிறிய விஷயமல்ல. தலைவரும் நானும் நேரே மஹாத் வீட்டுக்குப் போனோம். சாப்பிட அல்ல, பேச.

"ஒட்டகம் ஒண்ணு இருக்குல்ல," என்று தலைவர் பொதுவாகத் தொடங்கினார்.

மஹாத் தரையைப் பார்த்தான். துஃபூல் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"கொழுந்தனாரே, சாரல் முழுக்க எங்க வீட்டுல சாப்பிட்டீங்க. நான் கணக்குப் பாக்கல. உங்க வீட்டு வாசல்ல யாரையாச்சும் ஒருத்தரை, வான்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

"அண்ணி, நான் நிர்வாகம்," என்றேன் பணிவாக.

"அப்ப நிர்வாகத்தையே வெட்டிப் போடுங்க. ஸம்ஹா மேல யாராவது கை வெச்சா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்." மஹாத்தைப் பார்த்தாள். "நீங்க அவங்களோட இருக்கறதா இருந்தா இருங்க."

அவன் கண் கலங்கியிருந்ததைக் குழு மலர்ச்சிக் குறைவு என்றே எடுத்துக்கொண்டது.

வியாழன் வந்தது, பேருந்தும் வந்தது. கடல், மத்தி, பாறை எல்லாம் காட்டினேன். பொறுமைப் பயிற்சிக்கு அன்று பார்த்து ஒட்டகமே இல்லை, எல்லாம் மலையேறிவிட்டன. இயக்குநர் பெருத்த உடம்பு, பசி தாங்காதவர். "முக்கியமான அம்சத்துக்குப் போவோம்," என்றார்.

மஹாத் வீடு திறந்து கிடந்தது. எங்கள் ஊரில் யாரும் பூட்டுவதில்லை. அடுப்பில் சாம்பல் ஆறியிருந்தது. பாயில்லை, பானையில்லை, கொல்லையில் ஸம்ஹா இல்லை. மலைப்பாதையில் இரண்டு ஆள் தடமும் ஒரு ஒட்டகத் தடமும் சேர்ந்து போயிருந்தன. தலைவருக்கு உடனே பெட்ரோல் பங்கில் அவசர வேலை வந்துவிட்டது.

"இனி என்ன?" என்றார் இயக்குநர். அவருக்குப் பின்னால் ஒரு பேருந்துப் பசி நின்றிருந்தது. "உங்க வீடு எதுங்க?"

என் வீடு ஐம்பதடி தள்ளித்தான் இருந்தது. உள்ளேயிருந்து சோறு வேகும் வாசம் வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பச்சைக் கதவு," என்றேன். "வெளியிலேருந்து பாத்தா இன்னும் நல்லா இருக்கும்."

"வாசம் வருதே."

"சாம்பிராணி."

"நெய்ச்சோறு மாதிரி இல்ல இருக்கு?"

"உயர்ந்த ரகச் சாம்பிராணி," என்றேன்.

இயக்குநர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரு அரசு ஊழியர்கள் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொண்ட தருணம் அது. விருதைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். பித்தளைப் பலகை, நல்ல கனம். அதை மஹாத் வீட்டுக் கதவில் அறைந்தோம்.

ஆனாலும் ஐந்தாம் அம்சம் காலியாகக் கிடந்தால் பலகைக்கு அழகில்லை. மஹாத்தைத் திரும்ப அழைத்து வரும் பொறுப்பைக் குழு என்னிடம் ஒப்படைத்தது. மூச்சு வாங்க மலையேறினேன். ஒரு காட்டத்தி மரத்தடியில் அவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். துஃபூல் ஏதோ பாடிக்கொண்டே பால் கறந்தாள். ஸம்ஹா அசையாமல் நின்றது. பாத்திரம் நிறைந்து நுரை விளிம்பில் நின்றது. எனக்குத் தொண்டை வறண்டிருந்தது.

மஹாத் என்னைக் கண்டதும் எழுந்தான். வாய் திறந்தது. நான் வழக்கப்படி செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கினேன்.

மஹாத் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தான். வந்தவர் தொண்டையை நனைக்குமுன் வந்த காரணத்தைக் கேட்பது எங்கள் மலையிலும் கரையிலும் இல்லாத வழக்கம். பகையாளியிடம்கூட யாரும் கேட்பதில்லை.

"என்ன விஷயமா வந்தே?" என்று கேட்டான்.

ஒற்றைக்காலில் நின்றபடியே எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் பரம்பரையில் யாருக்கும் வராத அந்தச் சொற்களை, ஒரே சாரலில், ஒரு செலவும் இல்லாமல் இந்த எளிய மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் குழுதான். கீழே இறங்கியதும் அவனைக் குழு உறுப்பினராக நியமிக்கப் பரிந்துரை எழுதிவிட்டேன். எங்களில் ஒருவனாவதற்கு வேறென்ன தகுதி வேண்டும்?