ஆக்சிஜன் பெட்டியைத் திருப்பி அனுப்புவது சம்பந்தமாக

குன்னூர்,
19-7-2003, சனிக்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை கீர்த்திவாசன் அவர்களுக்கு, மாமா மருதாசலம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்கா சாந்தாமணியும், விடாத மழையோடு, நலமாக இருக்கிறோம். கோயமுத்தூரில் நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இத்துடன் வரும் பார்சலைப் பிரித்ததும் கோபப்படாமல் மேற்கொண்டு படிக்கவும்.

இலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் தேயிலை ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அங்கே உட்கார்ந்து இலைக்கு எடைச்சீட்டு எழுதிய கை, மீதி ஐந்து நாளும் வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் ஃபேக்டரியில் சொல்லி, காலை மாலை இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கி, நம் வேனில் நான்கு டீச்சர்களைக் கோத்தகிரி ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். எங்கள் அடுப்பு எரிந்தது அந்த நான்கு பேரால்தான். பெட்ரோல்தான் பாதியைக் குடிக்கிறது என்று உங்களிடம் புலம்பியது என் தப்பு. சித்திரையில் வந்தபோது நீங்கள் அந்தப் பெட்டியோடு வந்தீர்கள். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது, அது புகையை முகர்ந்து பார்த்துப் பெட்ரோல் கூடவா குறைவா என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, நடுவில் இந்தப் பெட்டி உட்கார்ந்துகொண்டு பெட்ரோல் கூடுதல் என்று பொய் சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பிக் குறைத்துக்கொள்ளும் என்று விளக்கினீர்கள். "திருகாணியக் கால் சுத்துத் திருப்பியிருக்கறனுங் மாமா. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, அதுவரைக்கும் தொட்டுறாதீங்க" என்றும் சொன்னீர்கள். தொடக்கூடாத திருகாணியைக் கை எட்டுகிற இடத்தில், ஸ்டியரிங்குக்கு அடியிலேயே மாட்டிவிட்டுப் போனது யார், மாப்பிள்ளை?

உங்கள் பஸ் மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் நான் அதைத் தொட்டுவிட்டேன். மறுநாள் பெட்ரோல் முள் கொஞ்சம் மெதுவாக இறங்கியதுபோல் இருந்தது, இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அடுத்த நாள் வேகமாக இறங்கியதுபோல் இருந்தது, மறுபக்கம் திருப்பினேன். மழை பெய்தால் ஒரு திருப்பு, பனி இறங்கினால் ஒரு திருப்பு. காபி ஆறிப்போகும்வரை வண்டிக்குள் என்ன செய்கிறேன் என்று உங்கள் அக்கா கேட்டபோதெல்லாம் கண்ணாடி துடைப்பதாகச் சொன்னேன். பிறகு உங்களுக்கு ஃபோன் செய்தால், சமமான ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டினால்தான் சரியாக அளக்க முடியும் என்கிறீர்கள். நீலகிரியில் சமமான ரோட்டுக்கு நான் எங்கே போவது? இங்கே ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். விசாரித்ததில், வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பை ஒட்டி ஒரு துண்டு ரோடு தட்டையாக இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். பதினோராவது தடவை போய்த் திரும்பும்போது ஒரு சிப்பாய் கை காட்டி நிறுத்தி, ஒயரும் விளக்குமாக இருந்த பெட்டியைக் காட்டி இந்தியில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதிலாக "ஆக்சிஜன்" என்றேன். அவர் பதறிப்போய்ப் பின்கதவைத் திறந்து நோயாளியைத் தேடினார். தமிழ் தெரிந்த ஹவில்தார் ஒருவர் வந்து, முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்.

நானும் ஓய்வெடுத்திருக்கலாம். போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். அன்றைக்குப் பார்த்து விடியற்காலையில் எனக்குக் கை அரித்தது. ஒரு முழுச் சுற்று. ஏற்றத்தில் இரண்டாவது வளைவுக்கு வருவதற்குள் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி இருமியது, நின்றது. டீச்சர்கள் இறங்கிக் கொட்டும் மழையில் தள்ளினார்கள். மூத்தவரான நஜ்முன்னிசா டீச்சர் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் என் வண்டி என்று தள்ளினார். கிளம்பவில்லை. கடைசியில் அந்த வழியாக வந்த இலை லாரியில் ஏறி, பச்சைத் தேயிலை மூட்டைகள் மேல் உட்கார்ந்தபடி பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கினார்களாம். வாசலில் அதிகாரி நின்றிருந்தாராம். நான் திருகாணியைப் பழைய இடத்துக்கு உத்தேசமாகக் கொண்டுவந்து, வண்டியை ஒருவழியாகக் கிளப்பி, சாயங்காலம் பள்ளிக்கூட கேட் அருகே காத்திருந்தேன். நஜ்முன்னிசா டீச்சர் மட்டும் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உங்களக் கொறை சொல்லலீங்கண்ணா. நாளையில இருந்து நாங்க பஸ்லயே போய்க்கறமுங்க" என்றார்.

இதை உங்கள் அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் காலையில் வழக்கம்போல் கிளம்பி, காலி வண்டியைச் சிம்ஸ் பார்க் பக்கம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அதைத் திருகிக்கொண்டுதான் இருந்தேன் என்பதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை. மூன்றாம் நாள் உங்கள் அக்கா மார்க்கெட்டில் டீச்சரைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, ஈரக்குடையை மடக்கிவிட்டு, "ஏனுங்க, ஆளில்லாத வண்டிய எங்கீங்க ஓட்டீட்டுப் போனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எல வெலை நாஞ்சொன்னாக் கேக்குதா, ஃபேக்டரி கேக்குதா? நாந் திருப்புனதுக்குக் கேட்டது இது ஒண்ணுதான் சாந்தா" என்றேன்.

"கேட்டுச்சு. அப்புறம் நின்னு போச்சு" என்றாள். கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் மழைக்கோட்டை எடுத்து நீட்டினாள்.

மெக்கானிக் பைரோஸ் பத்து நிமிடத்தில் பெட்டியைக் கழற்றி, ஒயரைப் பழையபடி இணைத்துவிட்டார். மறுநாள் இருவருமாக டீச்சர் வீட்டுக்குப் போனோம். பேசியது உங்கள் அக்கா. நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர், "திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வருகிறோம், ஆனால் முன் சீட்டில் நான்தான் உட்காருவேன், அண்ணன் கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கக் கூடாது" என்று ஒப்புக்கொண்டார். ஆகவே இந்தப் பெட்டியை ஃபேக்டரியின் பழைய டீ டஸ்ட் பையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். தட்டையான ஊரில் வசிக்கும், கை அரிக்காத யாருக்காவது கொடுத்துவிடவும். என் காலம் உள்ளவரை இதைப்பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி; உங்கள் கைராசியும் தொழிலும் குறைவில்லாமல் பெருகட்டும்.

இப்படிக்கு,
மனம் அமைதியடைந்த மாமா,
மருதாசலம்.

பின்குறிப்பு: பார்சலை ஒட்டிக்கொண்டிருக்கும்போது நஜ்முன்னிசா டீச்சரின் வீட்டுக்காரர் ரஹீம் பாய் குடையோடு வந்தார். ஒரு வாரமாக டீச்சர் வீட்டில் இந்தப் பெட்டியைப் பற்றியேதான் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டுக் கேட்டுத் தன் காருக்கும் ஒன்று மாட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டதாம். அனுபவப்பட்டவர் நீங்கதானே என்று கேட்டார், என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. எனவே பார்சல் வராது. நாளைக் காலை அவர் காரில் மாட்டப் போகிறேன். வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடுமா, குறையுமா என்பதை மட்டும் உடனே ஃபோனில் தெரிவிக்கவும்; அதை நான் இதுவரை உங்களிடம் கேட்கவில்லை.