வெள்ளைச்சாமியின் தாடியை நான் நேர்ந்துகொண்ட கதை

பேரம் பேசுவதில் என்னை மிஞ்ச இந்தத் திண்டுக்கல்லில் ஆள் கிடையாது. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், சினிமா கம்பெனிகளுக்கு நடிகர் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டாகி, ஏசி வைத்த ஆபீஸ் போட்டிருக்கிறேன் என்றால் சும்மாவா? (ஏசி ஓடாது. அது வேறு விஷயம்.)

வேடசந்தூர் மில் தொழிலாளி வெள்ளைச்சாமியைக் கூட்டத்தில் நிற்கும் வேஷங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவரை தாடி, தோள்வரை முடி. அதைப் பார்த்தே ஒரு டைரக்டர் அவனுக்குச் சாமியார் வேஷம் கொடுத்தார். முதல்முறையாக வசனம்! மில்லே கொண்டாடியது. நான் விடுவேனா? அந்த முடியைப் பராமரிக்கத் தனிச் சம்பளம் கேட்டு, ஒப்பந்தத்திலும் எழுத வைத்தேன்.

கையெழுத்தான மறுநாளே அவனைப் பழனிக்கு இழுத்துப் போனேன். வேஷம் கிடைத்தால் முடி காணிக்கை என்று முருகனிடம் வேண்டியிருந்தேன். என் தலை முழு வழுக்கை. அதனால் அவன் தலைமுடியையும் தாடியையும் நேர்ந்திருந்தேன்.

“அண்ணே, இந்த முடிக்குத்தானண்ணே வேஷமே குடுத்தாக?”

“ஏலே, சூட்டிங்குக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்கு. அதுக்குள்ள காடு மாதிரி வளந்துரும். சாமிக்குக் கடன் வச்சுட்டா கேமரா முன்னாடி நிக்கப் போற? உக்காரு.”

உட்கார்ந்தான். தலையில் பூசிய சந்தனம் காயவில்லை, கம்பெனி மேனேஜர் போன்.

“ஐயா, ஹீரோ தேதி மாறிருச்சு. சாமியார் சீனை நாளைக்கே எடுக்குறோம். முடி, தாடியெல்லாம் பத்திரமா இருக்குல்ல?”

“பத்திரமா இருக்குங்க” என்றேன். (எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.)

மறுநாள் வடமதுரை பக்கம் ஒரு தென்னந்தோப்பில் படப்பிடிப்பு. டைரக்டர் மொட்டையைப் பார்த்தார்.

“யாருய்யா இது?”

“நம்ம சாமியாருங்க. பழனிப் பஞ்சாமிர்தம் எடுத்துக்கங்க.”

“ஒட்டுத்தாடி வேணாம்னுதானய்யா இவரைப் புடிச்சேன்!”

“மொட்டைச் சாமியாரும் உண்டுங்களே. சம்பளத்துல கொஞ்சம் கொறச்சுக்குவோம்.”

அவர் பஞ்சாமிர்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வேடசந்தூர் நெருங்கியதும் வெள்ளைச்சாமி துண்டால் தலையை மூடிக்கொண்டு, “மில்லுல என்னண்ணே சொல்ல?” என்றான். ஊரையே பேசி மடக்குகிற நான், மிச்சமிருந்த பஞ்சாமிர்தத்தை அவன் கையில் வைத்தேன்.

முடி வளர்ந்து, வேறு படங்கள் கிடைத்து, இப்போது அவன் வசனம் பேசும் நடிகன்தான். ஏஜென்டும் நான்தான். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் அவனாகச் சேர்த்த ஒரு வரி உண்டு: ஏஜென்ட் தன் உடம்பில் உள்ளதை மட்டுமே நேர்ந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. அசதியில் நான் “முருகா” என்றால் போதும், பெண்டாட்டி முதல் பேரன்வரை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்கிறார்கள்.