செடெனாக் தோசை டாட் காம்

இனிமேல் உடம்பு நோகாமல் சம்பாதிப்பது என்று ஒரு முடிவு எடுத்தேன்.

நான் பழைய சாமான் வியாபாரி. மூவாரில் அடிமாட்டு விலைக்கு வாங்கும் அலமாரி, கட்டில், மேசையெல்லாம் செடெனாக்கில் என் வீட்டு முன்வாசலில்தான் அடுக்கியிருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. மிச்சத்தைச் சந்தை அடித்துச் சொல்லிக் கொடுத்தது. என் தலையைக் கண்டால் பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் மீன்காரர் விலைப் பலகையைத் திருப்பி வைத்துவிடுவார். பேரத்தில் அப்பேர்ப்பட்ட ஆள் நான்.

ஆசையைக் கிளப்பியவன், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டு விஜயன்.

"அண்ணே, இணையத்துல ஒரு பேரைப் பதிஞ்சு போட்டு வைங்க. அது தேவைப்படுறவன் தேடி வந்து கால்ல விழுவான்லா!"

பெயரைக் கரையான் அரிக்காது. லாரியில் ஏற்ற வேண்டாம். இறக்கும்போது முதுகு பிடிக்காது. எனக்குப் பிடித்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து, குளுவாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ரூபேந்திரன் எங்கள் ஊரில் 'செடெனாக் தோசை' என்று கிளை திறக்கப்போவதாகச் செய்தி. டேட்டா சென்டர் கட்ட வந்திருக்கும் அத்தனை பேருக்கும் பசியாற வேண்டாமா? அன்றைக்கே விஜயனைப் பிடித்து, அறுபது வெள்ளிப் பணம் கட்டி, 'செடெனாக் தோசை டாட் காம்' என்ற பெயரை வளைத்துப் போட்டேன். பக்கம் சும்மா கிடப்பானேன் என்று அதில் என் அலமாரிப் படங்களை ஏற்றினேன். என் போன் எந்நேரமும் பேரத்தில் இருப்பதால், மனைவி யோகேஸ்வரியின் நம்பரைப் போட்டேன்.

அவளுக்கு வேறு கவலை.

"என்னாங்க, அந்த முன்வாசலைக் காலி பண்ணித் தாங்க. சனி ஞாயிறு பசியாற ஏதாவது போட்டு விக்கிறேன்."

"பேரைப் பத்தாயிரத்துக்கு வித்துட்டு வர்றேன். வித்துட்டா முன்வாசல் பேச்சே எடுக்கக் கூடாது."

"விக்காட்டி?"

"முன்வாசல் உனக்கு!"

லாரியை எடுத்துக்கொண்டு குளுவாங் கடைக்கே போனேன். ரூபேந்திரன் என் விலையைக் கேட்டுச் சிரித்தான்.

"அண்ணே, எந்தக் காலத்துல இருக்கீங்க? முன்ன டாட் காம் இல்லாட்டி வேற வழி இல்ல. இப்ப பேருக்குப் பின்னால ஒட்டிக்க நூத்துக்கணக்குல வால் வந்திருச்சு. டாட் ஷாப், டாட் கஃபே, டாட் ஸ்டோர்... முதல் வருஷம் ரெண்டு தோசை விலைதான்!"

சொல்லிக்கொண்டே, என் கண்ணெதிரே, போனைத் தட்டி டாட் ஷாப்பை வாங்கிவிட்டான்.

நான் எழுந்து நடந்தேன். பேரத்தில் அதுதான் என் பிரம்மாஸ்திரம். நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். லாரி வரைக்கும் நடந்தேன். கூப்பிடவில்லை. ஏறிக் கதவைச் சாத்தினேன். காதில் விழவில்லையோ என்று மறுபடி திறந்து ஓங்கிச் சாத்தினேன். அவன் கையாட்டி வழியனுப்பி வைத்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் யோகேஸ்வரி கேட்டாள்.

"போச்சா?"

"பேசாத! நேத்து மீசை முளைச்ச பய எனக்கு வால் காட்டுறான்!"

"அந்த வாலையும் நீங்களே வாங்கியிருக்கலாமே?"

"அதை வாங்கினா அடுத்த வாலுக்குப் போவான். அதையும் வாங்கினா இன்னொன்னு. வருஷா வருஷம் புதுசா முளைக்குது! ஒரே பேரு, ஆயிரம் வாலு. எவன் எனக்குப் பத்தாயிரம் கொடுப்பான்?"

"அப்ப இப்ப என்ன விலை போகும்?"

கோபத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "அஞ்சு காசு போகாது!"

"சரி, எனக்குக் குடுத்திடுங்க."

என் உள்ளே படுத்திருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்தான்.

"ஆயிரம் வெள்ளி."

"அம்பது."

"அம்பதா! டாட் காம்னா என்னன்னு தெரியுமா? தங்கம்!"

"இப்பத்தானே அஞ்சு காசு போகாதுன்னீங்க?"

சொல்லிவிட்டு அடுப்படிக்கு நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"யோகம்! நூறு!"

"முன்வாசலோட சேர்த்தா?"

"சேர்த்துத்தான் தொலை!"

அன்றைக்கு என் மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை. செத்த சரக்கை லாபத்துக்கு விற்றுவிட்டேன். அதுவும் கட்டிய பெண்டாட்டி தலையில்! விஜயன் உட்கார்ந்து பெயரை அவளுக்கு மாற்றிக் கொடுத்தான். அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

ரூபேந்திரன் கடை திறந்தது. பலகையில் 'செடெனாக் தோசை டாட் ஷாப்' என்று கொட்டை எழுத்து. மறுநாள் யோகேஸ்வரியின் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"ஹலோ, ரெண்டு மசால் தோசை, ஒரு நெய் தோசை, தாப்பாவ். கட்டி வைங்க, வந்து எடுத்துக்கிறேன்."

"இங்க அலமாரிதான் இருக்கு!"

"அலமாரி வேண்டாம்லா. தோசை."

"மடக்குற கட்டில் இருக்கு. அதைத் தின்னுறியா?"

அடுத்த அழைப்பும் தோசை. அதற்கடுத்ததும் தோசை. பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன? ஜனங்களின் விரல் பழகிய பழக்கத்தில் டாட் காம் என்றே அடித்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து விழுந்தது. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். யோகேஸ்வரி போனைப் பிடுங்கினாள்.

"ரூபேந்திரன் கடை இல்லீங்க. இது யோகேஸ்வரி வீட்டுத் தோசை. வேணுமா?... சட்னி காரமாவா?... அரை மணியில வந்து எடுத்துக்குங்க."

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் என் அலமாரிகள் இல்லை. தோசைதான் மினுமினுத்தது. முன்வாசலிலும் அதே நிலைமை.

மாதம் முடிவதற்குள் ரூபேந்திரன் ஓடி வந்தான்.

"அண்ணே, என் ஆளுங்க பாதிப் பேர் உங்க டாட் காமுக்குத்தான் போறாங்க! அந்த டாட் ஷாப்காரன் வேற அடுத்த வருஷத்துக்குக் கழுத்தை அறுக்குற விலை சொல்றான். பத்தாயிரம் கேட்டீங்கள்ல? இந்தாங்க!"

நான் சொன்ன விலையை ஒருவன் அப்படியே கொடுப்பது என் வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையை நீட்டினேன். யோகேஸ்வரி கரண்டியோடு குறுக்கே வந்தாள்.

"அது என்னோடது தம்பி."

"சரிக்கா, நீங்களே வாங்கிக்குங்க, பத்தாயிரம்."

"விக்கிறதுக்கில்ல."

"பன்னிரண்டு!"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். நான் மெல்லக் காதைக் கடித்தேன்.

"யோகம், எனக்கே திருப்பிக் குடுத்திடு. நூத்தம்பது தர்றேன். உனக்கு நல்ல லாபம்."

அவள் சிரித்த சிரிப்பில் தோசை கருகிவிட்டது.

கடைசியில் அவள் விற்கவே இல்லை. 'ரூபேந்திரன் கடைக்குப் போக இங்கே தட்டவும்' என்று தன் பக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டாள். அந்த வரிக்கு மாதா மாதம் வாடகை. ரூபேந்திரன் கும்பிட்டுவிட்டுப் போனான். வார நாளில் அவன் தோசை, சனி ஞாயிறு இவள் தோசை.

இப்போது என் லாரியில் தோசைதான் போகிறது. உளுந்து மூட்டை தூக்குவதும் நான்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஓட்டுறேன், தூக்குறேன், கழுவுறேன். என் கூலி என்ன?"

"வேளைக்கு ரெண்டு தோசை."

விடுவேனா? இத்தனை வருஷத்து அனுபவத்தையும் இறக்கி, அரை நாள் மூச்சு வாங்கப் பேரம் பேசினேன்.

ஒன்றரைக்கு முடிந்தது.