செம்பூரில் நான் உருக்கிய அணு உலை

பயந்த சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் ஆபத்து வராது என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பொய். பயந்தவன் சும்மா இருக்க மாட்டான், எதையாவது அணைப்பான்.

நான் அணைப்பவன். படுக்குமுன் கேஸ் சிலிண்டரை மூடுவேன், எழுந்து போய் மறுபடி மூடுவேன் (மூடியதைத் திறந்து மூடினால்தான் மனசு ஆறும்). செம்பூரில் ஃப்ளாட் தேடியபோது, ட்ராம்பே பக்கத்து அணு உலையின் உருண்டைக் கூரை தெரியாத ஜன்னல் வேண்டும் என்று தரகரிடம் கேட்டவன். எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் செயலாளராக என் ஒரே சாதனையும் அணைப்புதான். மேல்தொட்டி நிரம்பிய பிறகும் பம்ப் ஓடினால் எனக்குப் பொறுக்காது. நாலு மாடி இறங்கி ஓடுவேன்.

இப்படிப்பட்டவனிடம்தான் என் மகள் காவ்யா ஒரு ஞாயிறு காலையில் இரண்டு அணு உலைகளை ஒப்படைத்தாள்.

கட்டம் கட்டமாக அடுக்கி ஊர் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு அது. யாரோ எழுதிய ‘மாட்’ என்ற இணைப்பு ஒன்றைச் சேர்த்தால் யுரேனியம், அணு உலை எல்லாம் வந்துவிடுமாம். காவ்யாவும், சற்றுத் தள்ளி சான்பாடாவில் இருக்கும் என் மைத்துனர் மகன் கார்த்திக்கும் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஓர் ஊரையே கட்டியிருந்தார்கள். அதற்கு மின்சாரம் தர எந்த உலை நல்லது என்று இருவருக்கும் போட்டி. காவ்யாவின் உலையைப் பம்ப் தண்ணீர் தள்ளிக் குளிர வைக்கும். கார்த்திக்கின் உலையில் பம்பே கிடையாது; சூடான தண்ணீர் தானே மேலே ஏறி, ஆறி, கீழே இறங்கும்.

“அப்பா, நான் குளிச்சிட்டு வரேன். ரெண்டும் ஓடட்டும். டெம்பரேச்சரை மட்டும் பாருங்க, பஸ், அது போதும். எதையும் தொடாதீங்க.”

“வெடிச்சிருமா?”

“நீங்க தொடலேன்னா வெடிக்காது.”

பார்த்தேன். காவ்யாவின் உலைக்குப் பக்கத்தில் விளிம்புவரை நிரம்பிய தண்ணீர்த் தொட்டி. அப்படியும் பம்ப் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கை தானாகப் போனது. அணைத்தேன். தண்ணீர் மிச்சம் என்று திருப்தியாகப் பெருமூச்சுகூட விட்டேன்.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. சைரன் ஊளையிட்டது. எதிர் வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது (செம்பூரில் அந்தச் சத்தத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை). விளையாட்டுதான் என்று என் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் வீட்டு மெயினையே இறக்கிவிட்டேன்.

திரை இருண்டது. அமைதி. ஊரைக் காப்பாற்றிவிட்டேன்!

போன் அடித்தது. கார்த்திக். அவனுக்குப் பின்னால் அதே சைரன்.

“மாமா, க்யா கியா ஆப்னே? என்ன பண்ணீங்க? பம்பைப் போடுங்க, ஜல்தி!”

“பயப்படாதடா, மெயினையே அணைச்சுட்டேன்.”

“அது உங்க வீட்டு மெயின், மாமா! கேம் ஓடுறது என் கம்ப்யூட்டர்லதானே! கேம்ல நான் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கேன், ஓடி வரேன்... அய்யோ!”

போனில் ஓர் இடி.

வெந்நீர் கெய்சர் நின்றுபோய், தலையில் துண்டோடு வந்த காவ்யா போனை வாங்கினாள். “ஸ்கூல்?” போச்சு என்றான். “பாலம்?” போச்சு. “என் வீடு?” புதுசா கட்டிக்கலாம் என்றான்.

“தொடாதீங்கன்னுதானேப்பா சொன்னேன்” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. அவளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் உலகத்தில் உள்ளதையெல்லாம் அணைக்கிறேன். அந்த ‘எதுவும்’ நான்தான் என்று அன்று தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவளே கூப்பிட்டாள். “அப்பா, புது உலை. உக்காருங்க. என்ன வேணா தொடுங்க.”

இருவரும் புது விதி வகுத்திருந்தார்கள். எந்த உலையானாலும் என்னோடு கொஞ்ச நேரம் தனியாக இருந்து பிழைக்க வேண்டும். பெயர் ‘அப்பா டெஸ்ட்’. உட்கார்ந்தேன்; எலிக்குட்டியைத் தொடுவதுபோல் மௌஸைத் தொட்டேன்.

பேர் வீட்டுக்குள்ளும் பரவிவிட்டது. போன மாதம் கார்த்திக்கின் அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். என் மனைவி தன் அண்ணன் காதில் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது:

“மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் இவரோட தனியா உக்கார வைங்கண்ணா. தாங்கிட்டார்னா வேற ஒண்ணும் விசாரிக்க வேண்டாம்.”

பையன் தாங்கிவிட்டான். தையில் முகூர்த்தம்.