தலைவெட்டியரின் கடைசிப் பேய்ப்படம்

சொந்த மைத்துனனின் கழுத்தைக் கிணற்றடியில் வைத்து மார்கழிக்கு மார்கழி அறுத்துவிட்டு, பிறகு அவன் ஊற்றிக் கொடுத்த தேநீரையே குடித்துக் களைப்பாறிய மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தலைவெட்டியர்.

பதற வேண்டாம். தொழிலால் அவர் கலியாண வீடியோக்காரர். நெல்லியடியில் ஸ்டூடியோ, கோப்பாயில் வீடு. அதுவும் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. மார்கழியில் எங்கள் பக்கம் யாரும் தாலி கட்டுவதில்லை என்பதால், மார்கழி பிறந்ததும் மனிதர் கொலையில் இறங்கிவிடுவார். அவர் எடுக்கும் பேய்ப்படம் எதுவானாலும் ஒரு தலையாவது உருண்டே தீரும். தாய் தகப்பன் வைத்த பெயரை வங்கிக்காரர் மட்டும்தான் அறிவார்கள்.

ஆல்பம் வடிவமைக்க நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தண்ணீர் எடுக்கலாமென்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். தண்ணீர்ப் போத்தலுக்கும் மல்லிகை மாலைக்கும் நடுவே ஒரு மனிதத் தலை, கண்ணை விழித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைத் தையற்காரர் கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தார். தலைவெட்டியருக்கோ முகம் கொள்ளாத பூரிப்பு.

"பயந்திட்டியோ பிள்ளை? உண்மையாய்ப் பயந்திட்டியோ?"

"சீவன் போட்டுது அண்ணை! ஆற்றை தலை உது?"

"மச்சான்ரை. மெழுகிலை செய்தது. வெயிலுக்கு மூக்கு உருகுது, அதுதான் உள்ளை வைச்சனான்."

அதே தலை சனசமூக நிலையத்துத் திரையில் ஒரு வாளி ரத்தத்தோடு உருண்டபோது சபை விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னொருக்கா உருட்டுங்கோ மாமா!" என்று ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று கேட்டாள். போத்தலுக்குப் பக்கத்தில் சும்மா இருந்து என்னைக் கொல்லப் பார்த்த தலை, அவ்வளவு ரத்தத்தோடு வந்தும் ஒரு குழந்தையைக்கூட அசைக்கவில்லை. அது ஏன் என்று மனிதர் ஒருநாளாவது யோசித்தாரா? இல்லை.

"ரத்தம் காணாது பிள்ளை" என்றார்.

அடுத்த மார்கழிக்கு ஐஸ்கிரீம் கடையிலிருந்து ரோஸ் சிரப் கலன் கலனாக வந்து இறங்கியது. வெட்டுப்பட்டுக் கிடந்த மைத்துனன்மேல் முற்றத்து எறும்பெல்லாம் ஏற, பிணம் கூத்தாடிக்கொண்டு கிணற்றுக்கட்டில் போய் நின்றது. அதற்கடுத்த மார்கழிக்குக் குடல் வேண்டுமென்று குருநகரிலிருந்து கணவாய் மீன் வாங்கி வந்து மைத்துனனின் வயிற்றில் பரப்பினார். ஊர்ப் பூனைகள் விடுமா? அந்தப் படத்தில் பேயை விடப் பூனைகளே அதிக நேரம் வந்தன.

இத்தனை கூத்தும் ஒரேயொரு ஆளைப் பயங்காட்டத்தான். அவருடைய மனைவி வசந்தியக்கா. படத்தை முதலில் அவருக்குத்தான் போட்டுக் காட்டுவார். அக்கா முருங்கையிலை உருவிக்கொண்டே பார்ப்பார்.

"உது கணவாய் எல்லே? என்னப்பா உது, பிரட்டல் வைச்சிருந்தா வீடே சாப்பிட்டிருக்கும்!"

பாவம், மனிதர் அன்றைக்கு முழுக்கச் சோறு தின்னவில்லை. நான் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், கொஞ்சம் பயந்தமாதிரி நடிக்கக் கூடாதா என்று.

"சின்னனிலை சண்டைக்குள்ளை பாத்த ரத்தத்திலை கண் மரத்துப் போச்சு பிள்ளை. உந்தச் சிரப்புக்கு நான் என்னெண்டு பயப்பிடுறது?"

எங்கள் சபையில் பாதிப் பேருக்கு அதே கதைதான். அதை அண்ணையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் அக்காவே ஒரு முடிவுக்கு வந்தார். "இஞ்சாருங்கோ, இந்த மார்கழிதான் கடைசி. நான் பயந்திட்டா நீங்கள் சாகுமட்டும் எடுங்கோ, வாய் திறக்கமாட்டன். பயப்பிடாட்டிக் கமறா கலியாணத்தோடை நிக்கவேணும். இனி என்ரை முற்றத்திலை ஒருத்தற்றை கழுத்தும் வெட்டுப்படக் கூடாது."

தலைவெட்டியர் ஒத்துக்கொண்டார், ஒத்துக்கொண்ட நாளிலிருந்து நித்திரையில்லை. கலியாண வீடியோ அவருக்குச் சோறு போட்டது, உண்மைதான். ஆனால் மனிதர் உயிரோடு இருந்தது அந்த ஒரு மாதத்துக்காகத்தான். அது போய்விடுமென்ற பயத்தில் கன்னமெல்லாம் வற்றிப்போனார்.

கதை இதுதான்: செத்த வீட்டில் கிடத்தியிருக்கும் பிணம் எழுந்து, வந்தவர்களை எல்லாம் வெட்டும். பிணமாகப் படுக்க மைத்துனன் மறுத்துவிட்டான். "நான் செத்தது காணும் அத்தான்!" ஆகவே இவரே படுப்பதென்று முடிவானது. அக்கா சாவகச்சேரிக்குத் தங்கை வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்து, வீட்டுக்கு வரும் ஒழுங்கை நெடுக, சாவுக்கு அடையாளமான வெள்ளைக் கொடி கட்டினார். வாசல் படலையில் சாவீட்டுத் தோரணம். பக்கத்தில் தன் படத்தையே பெரிதாகப் போட்டுக் 'கண்ணீர் அஞ்சலி' பதாகை. முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள். மூக்கில் பஞ்சு வைத்து, நாடிக்கட்டுக் கட்டிக்கொண்டு விறாந்தையில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். வெட்டுக்கு வேண்டிய ரத்தம் குசினியில் பீப்பாயோடு தயாராக இருந்தது.

எல்லாவற்றையும் யோசித்த மனிதர் ஊரை யோசிக்கவில்லை! வெள்ளைக் கொடியைக் கண்டால் கோப்பாய்ச் சனம் விசாரித்துக்கொண்டு நிற்காது. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்து குந்திவிடும். நான் கமறாவை நிமிர்த்துவதற்குள் கதிரையெல்லாம் நிரம்பிவிட்டது. ஒரு அம்மா ஒப்பாரியே தொடங்கிவிட்டார்.

"அண்ணை, சனம் உண்மையாய் நம்பிட்டுது! எழும்புங்கோ!"

"விசரே உனக்கு? என்ன வடிவாய் அழுகினம்! எடு பிள்ளை, எடு" என்று பிணம் உதடு அசையாமல் சொன்னது.

அப்போது முன்வரிசையிலிருந்த ஒருவர் பெருமூச்சு விட்டார். "நல்ல மனுசன். எண்டாலும் என்ரை மோளின்ரை கலியாண வீடியோவைத் தந்திட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு இப்ப பிள்ளையும் பிறந்திட்டுது."

தொழிலைக் குறை சொன்னால் தலைவெட்டியரால் தாங்க முடியாது. எழுந்து குந்திவிட்டார். "வாற வெள்ளிக்கிழமை கட்டாயம் தாறன் அண்ணை!"

பிறகு நடந்ததைக் கேளாதீர்கள். கதிரைகள் பறந்தன. ஒப்பாரி வைத்த அம்மா பின்வேலியைப் பிய்த்துக்கொண்டு போனார். வீடியோ கேட்டவர் "என்ரை அம்மாளாச்சி!" என்று கிணற்றடிப்பக்கம் பாய்ந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முன்பக்கத்தாலும் யாராவது ஓடுகிறார்களோ என்று கமறாவை ஒழுங்கைப் பக்கம் திருப்பினேன்.

ஒழுங்கை முகப்பில் வசந்தியக்கா நின்றார். பின்னேரம் வருவதாகப் போனவர், நேரத்தோடு வந்துவிட்டார்.

முதல் கொடியைப் பார்த்தார். யாருடைய வீடென்று முதல் வீட்டுப் படலையை எட்டிப் பார்த்தார். அங்கே தோரணம் இல்லை. அடுத்த வீட்டைப் பார்த்தார். அங்கும் இல்லை. ஒவ்வொரு வீடாகப் பார்த்துப் பார்த்து நடந்தார். தன் வீடு கிட்டக் கிட்ட நடை சுருங்கியது. உள்ளே கேட்ட கூக்குரல் அவருக்கு ஒப்பாரியாகவே கேட்டிருக்கும். படலைக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த பை விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஒரு சொட்டு ரத்தமும் இல்லை அங்கே. உள்ளே மனிதர் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை திரும்பி விறாந்தையைப் பார்த்துக்கொண்டேன். கமறாவை நிறுத்தவும் மறந்துபோனேன்.

சிரித்தபடி தலைவெட்டியர் வெளியே வந்தார், மூக்கில் பஞ்சோடு.

"என்னப்பா, நேரத்தோடை வந்திட்டீர்?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பளாரென்று கன்னத்தில் ஒன்று போட்டார். பிறகு அவருடைய சால்வையை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்தாலை வரேக்கை இந்த ஒழுங்கையிலைதான் கொடியைக் கண்டனான். அண்டைக்கும் இப்பிடித்தான் வீடு வீடாய்ப் பாத்துக்கொண்டு வந்தனான். அப்பா உந்த விறாந்தையிலைதான் கிடந்தவர்."

மாமனாரின் சாவை அக்கா அப்படித்தான் அறிந்தாரென்று தலைவெட்டியருக்குத் தெரியாததல்ல. கொடி கட்டும்போது நினைவு வரவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் குந்தி, அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். விளையாட்டு வினையானதைப் பார்த்து நானும் அழுதேன்.

அடுத்த நாள் ஸ்டூடியோவில், எடுத்ததைப் போடச் சொன்னார். அக்கா வீடு வீடாகப் பார்த்து வருகிற இடம் வந்ததும் மனிதர் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போனார்.

"இதுதான் பிள்ளை. இவ்வளவு காலமும் நான் தேடினது இதுதான்."

"வெண்டிட்டியள் அண்ணை. இதைக் கண்டா ஆர்தான் பயப்பிடமாட்டினம்? இனி நீங்கள் சாகுமட்டும் எடுக்கலாம்."

"அழி."

"அண்ணை?"

"அழி எண்டு சொல்லுறன்! என்ரை மனுசியின்ரை உந்த முகத்தை ஒருத்தரும் பாக்கப்படாது. எனக்கு உந்த வெற்றியும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்."

அழித்தேன். அதோடு அவர் பேய்ப்படம் எடுக்கவேயில்லை. அக்காவே "எடுங்கோவன், நான்தானே தோத்தனான்" என்று கேட்டுப் பார்த்துவிட்டார்.

இப்போதெல்லாம் வசந்தியக்கா எங்கே போய் வந்தாலும் கோப்பாய் பஸ் தரிப்பில் ஒரு மனிதர் குடையோடு காத்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஒழுங்கைக்குள் அக்காவைத் தனியே நடந்து வர விடமாட்டார். அவரை அங்கே கண்டால் எந்த அவசரமானாலும் நானும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன், அக்கா வரும்வரைக்கும் அவரோடு கதைத்துக்கொண்டு நிற்க.